கண்டக்டர் போட்ட புத்தகம்

ஜூன் 11

மதுரைப் பதிப்பகத்துக்காரர் இன்று போனில் கிடைத்தார். ஏழு மாதமாகக் கிடைக்காதவர். நாவலை முழுதும் படித்துவிட்டாராம்.

"நடை நல்லாருக்குங்க. அந்த ஆஸ்பத்திரிப் பகுதியை எடுத்துட்டு, பஸ்ல நடக்கிற கூத்தை இன்னும் கொஞ்சம் சேருங்க. கண்டக்டர் எழுதினதுன்னா ஜனங்க சிரிக்கத்தான் வருவாங்க."

"சார், இருநூறு பக்கத்துல நூத்தி நாப்பது பக்கம் ஆஸ்பத்திரிதான?"

"அதாங்க பிரச்சனை. நாளைக்கு ஒரு டாக்டர் கேஸ் போட்டா நான்ல கோர்ட்டுக்கு அலையணும்."

"எந்த ஆஸ்பத்திரி பேரும் எழுதலையே."

"எழுதாமலே தெரியுதுங்க."

அப்படியானால் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தென்காசி பஸ் நிலையத்தில், டிக்கெட் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் நின்றபடி சொன்னது. டிரைவர் ஜெபமணி திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தவே போடப் போறீரு?"

"புத்தகம்."

"போடும்" என்று சொல்லி கியரைப் போட்டார்.

ஜூன் 15

சிவகாசி. அச்சகத்துக்காரர் நல்லதம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை பிரதி என்றார். ஐந்நூறு என்றேன்.

"மொதல் புத்தகமா அண்ணாச்சி? முந்நூறு போதும். எழுதுறவங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில எவ்வளவு கட்டு கெடக்குன்னு எனக்குத் தெரியும்."

"ஐம்பத்தஞ்சு சீட்டுப் பஸ்ல நூறு பேரை ஏத்துறவன் நான். ஐந்நூறு போடுங்க."

சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு, முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுவது நல்லது என்றார். எல்லாரும் போடுவதுதான். 'இந்நாவலில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்கக் கற்பனையே.' போடுங்கள் என்றேன். நாவல் என்றால் கற்பனைதானே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

புத்தகத்தின் பெயர்: ஏழாம் நம்பர் கட்டில்.

ஜூலை 3

புரூப் வந்தது. 'அழுதாள்' என்பது எட்டு இடத்தில் 'அழுத்தாள்' ஆகியிருக்கிறது. சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது. அட்டைக்கு ஓவியர் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் படத்தை அனுப்பியிருந்தார். பின்னால் ஜன்னல் வழியே பனி பெய்கிறது. இது பாவூர்சத்திரம் பக்கம் நடக்கிற கதை என்று போன் செய்தேன். "வெயில் போட்டுரலாம் சார்" என்றார். நர்ஸே வேண்டாம், ஒரு இரும்புக் கட்டில் போதும் என்று சொன்னேன்.

ஜூலை 27

புத்தகம் வந்துவிட்டது. பதினோரு அட்டைப் பெட்டி. மினி வேன்காரர் எங்கே இறக்க என்று கேட்டார். உள் அறை காலியாகத்தான் இருக்கிறது. நான் கை காட்டுவதற்குள் என் மனைவி ஆவுடை வாசலை மறித்து நின்றாள்.

"அங்க வைக்கக் கூடாது."

சரி என்றேன். ஹாலில், டி.வி. ஸ்டாண்டுக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கிறோம். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கை பெட்டியில் இடிக்கிறது. ஒரு பிரதியை எடுத்து அவளிடம் நீட்டினேன். கை ஈரமாக இருக்கிறது என்றாள். மேஜைமேல் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் இருந்தது.

ஆகஸ்ட் 10

தொழிற்சங்கக் கட்டடத்தில் வெளியீட்டு விழா. வந்தவர்கள் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் டெப்போக்காரர்கள், பாதிப் பேர் காக்கிச் சட்டையோடு. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். முன்னுரையை மட்டும் படித்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. வாங்கியவர்கள் ஐந்து பேர். மீதிப் பேர், "நமக்கு ஒரு காப்பி குடும்வே, படிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றார்கள்.

"நெல்லைக்குப் போறப்போ டிக்கெட் எடுப்பீரா, மாட்டீரா?" என்று கேட்டேன். மூன்று பேர் வாங்கினார்கள். ஆக எட்டு.

ஆவுடை வரவில்லை. சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 18

திருநெல்வேலியில் புத்தகக் கடை. கடைக்காரர் பத்துப் பிரதி வாங்கி வைத்துக்கொண்டார். விற்றால் பார்க்கலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வைத்த இடம் கீழ்த்தட்டு, சமையல் புத்தகங்களுக்கும் ஜாதகப் புத்தகங்களுக்கும் நடுவில். அவர் உள்ளே போன நேரம் பார்த்து இரண்டை எடுத்து மேல்தட்டில் நிறுத்திவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 1

இன்று டூட்டி இல்லை. பஸ் நிலையத்துக்கு வெளியே, பழக்கடை ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுப் புத்தகத்தை அடுக்கினேன். முதல் அரைமணி நேரம் வாய் வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் கூவுகிற வாய்தான், 'ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி' என்று. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அதே தொண்டையில் கூவினேன். "நாவல், நாவல், நம்ம ஊர் நாவல், எழுதினவனே விக்கான்!" திரும்பிப் பார்க்காதவர் இல்லை. வெட்கம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. பதினேழு பிரதி. ஒரு அம்மாள் விலை கேட்டுவிட்டு, "இதுக்கு ரெண்டு கிலோ மாதுளை வாங்கலாமே" என்றாள். "மாதுளை நாளைக்குத் தீந்துரும் தாயி" என்றேன். வாங்கவில்லை. பரவாயில்லை.

செப்டம்பர் 9

மெமோ. பணிநேரத்தில் பேருந்துக்குள் சொந்த வியாபாரம் செய்ததாகப் புகார். எழுதியவர் பெயர் இல்லை. உண்மை என்னவென்றால், ஒரு பயணி என் பையில் தெரிந்த அட்டையைப் பார்த்துக் கேட்டார், பஸ் நின்றபிறகு இறங்கி வாங்கிக்கொண்டார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். கிளை மேலாளர், "இசக்கியப்பன், எழுத்து கிழுத்தெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் வச்சிக்கிடலாமே" என்றார்.

"எனக்கு இப்பத்தான் சார் எழுத வருது."

செப்டம்பர் 22

ஒரு அறக்கட்டளையிலிருந்து போன். கிராம நூலகங்களுக்குக் கொடுக்க இருநூறு பிரதி வேண்டுமாம். நான் இரண்டு முறை கேட்டேன். இருபதா, இருநூறா? இருநூறுதான். முழு விலைக்கே, கழிவுகூடக் கேட்கவில்லை. பணம் சாயங்காலமே வந்துவிட்டது. ஜெபமணியைக் கட்டிப்பிடித்தேன். அவர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார், திட்டினார்.

ஆவுடை மட்டும், "இருநூறையும் ஒரே ஆளா?" என்றாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்.

செப்டம்பர் 24

லாரி சர்வீஸில் போட்டாயிற்று. ஹாலில் இப்போது நடக்க முடிகிறது.

அக்டோபர் 6

காலையில் சுரண்டையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். புத்தகத்தின் பின்பக்கத்தில் என் நம்பர் இருக்கிறது. மதுரவேணி என்று பெயர் சொன்னார். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"நீங்க எழுதியிருக்கிற ஆஸ்பத்திரி மாடிப்படியில மூணாவது படி ஒடஞ்சிருக்கும்னு வருதுல்லா? நான் அதுல தடுக்கி விழுந்திருக்கேன். எம் மவனை அங்கதான் சேத்திருந்தோம். அவனுக்கும் இப்படித்தான், சாதாரணக் காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல்னே சொன்னாவ. உங்க புள்ளைக்கு நடந்ததா இது?"

இல்லையம்மா, கதைதான், கற்பனை என்றேன்.

"அப்பம் சரி" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 7

மூன்று டிரிப். இரண்டு முறை சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

அக்டோபர் 20

மேலப்பாளையத்திலிருந்து பழைய பேப்பர் வியாபாரி பீர்முகம்மது என்பவர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒங்க நம்பர் புக்குல இருந்துச்சு. கட்டுப் பிரிக்காம இருநூறு புக்கு எடைக்கு வந்திருக்கு. ஆக்கினவருக்குத் தெரிஞ்சு போட்டாங்களா, தெரியாமயான்னு ஒரு யோசனை. அதான்."

ஜெபமணியின் மச்சான் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனோம். என் கையால் கட்டிய சணல் கயிறு அப்படியே இருந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். வேன்காரர் ஆஸ்பத்திரிப் பழைய ரெக்கார்டுகளோடு சேர்த்துக் கொண்டுவந்து போட்டாராம். எந்த ஆஸ்பத்திரி என்றும் சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அங்கே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. விலை கொடுத்து வாங்கிப் புதைக்கிற அளவுக்கு என் புத்தகம் அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கிறது. எந்தப் பேராசிரியரும் கொடுக்காத மதிப்புரை.

"இதை எனக்கே எடைக்குப் போடுங்க பாய்."

பீர்முகம்மது தராசில் வைக்க விடவில்லை. ஒரு பிரதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, "இதான் என் கூலி. பாதி படிச்சிட்டேன், மீதி தெரிய வேண்டாமா?" என்றார்.

பெட்டிகள் மறுபடி டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.

நவம்பர் 5

ஆவுடையின் தம்பி முத்துமாலை வந்தான். அவனுடைய மெடிக்கல் ஷாப் அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் இருக்கிறது. காபியைத் தொடவில்லை.

"அத்தான், பெரிய டாக்டர் என்னையக் கூப்பிட்டுச் சொன்னாரு. மீதியிருக்கிற புத்தகம் அத்தனையும் அவரே வாங்கிக்கிடுதாராம். இனிமே அச்சடிக்காம இருந்தாப் போதுமாம். இல்லன்னா வக்கீல் நோட்டீஸுங்காரு. என் கடையையும் நெனச்சிப் பாருங்க."

"ஏற்கெனவே ஒருக்க வாங்கிட்டாரே. தாராளமா இன்னொரு தரம் வாங்கச் சொல்லு. வாங்க வாங்க அச்சடிக்கேன்."

"போன உசுரு வரவா போவுது அத்தான்? மூணு வருஷம் ஆச்சி."

அடுக்களையிலிருந்து ஆவுடை வெளியே வந்தாள். "முத்துமாலை, நீ எந்திரி. கடையத் தொறக்க நேரமாச்சி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து போய்விட்டான்.

நவம்பர் 13

நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் எல்லாப் பிரதிகளையும் திரும்பப் பெற்று, மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வக்கீல் ஆறுமுகநயினாரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வே, ஒமக்கு அதிர்ஷ்டந்தான். பேரே போடாத ஆஸ்பத்திரியை, 'அது நாங்கதான்'னு அவங்களே கையெழுத்துப் போட்டு எழுதியிருக்காங்க. ஆனா ஒரு எடத்துல ஒம்மப் பிடிக்காங்க." விரலை வைத்துக் காட்டினார். 'நோயாளியின் தந்தை கட்டிலருகே இருந்து அனைத்தையும் கண்டதாக எழுதியுள்ளது அப்பட்டமான பொய். எங்கள் கட்சிக்காரரின் பதிவேடுகளின்படி, சம்பவம் நடந்த நேரத்தில் அவர் மருத்துவமனையிலேயே இல்லை.'

"இவங்க சொல்லுதது பொய்தான?" என்றார் நயினார்.

நாவலில் அப்படி வைத்திருக்கிறேன், வாசகருக்காக என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டீஸை மேஜைமேல் வைத்தேன். ஆவுடை எடுத்துப் படித்தாள். பிறகு டி.வி. ஸ்டாண்டுப் பக்கம் போய், பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிரதியை உருவி, நேராக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தாள். தேடவில்லை. இதற்கு முன் எத்தனை முறை பிரித்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

"அந்த ஒண்ணை மட்டும் அவன் சரியாச் சொல்லியிருக்கான்" என்றாள். "இதுல அப்பன்காரரு கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. டாக்டரைக் கூப்பிட மாடிக்கும் கீழுக்கும் ஓடுதாரு. நீங்க எங்க இருந்தீய?"

நான் நோட்டீஸை எடுத்து மடித்தேன்.

"ஓடினது நான். கையப் பிடிச்சிருந்தது நான். அதை எடுத்து நீங்க வச்சிக்கிட்டிய. எம் பேருகூட இதுல இல்ல. ஒரு அம்மா வாரா, மூலையில நின்னு அழுதா. நான் அழல. அன்னைக்கு நான் ஒரு சொட்டு அழல."

நவம்பர் 14

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அன்று காலை மதிவதனியை ஏழாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு டூட்டிக்குப் போனேன். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், நம்பினேன். மாற்று ஆள் இல்லை என்று டெப்போவில் சொன்னார்கள், அதையும் நம்பினேன். ஆவுடை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். போன் பைக்குள் கிடந்தது, நல்ல கூட்டம். ஆலங்குளத்தில் டீக்கு நிறுத்தியபோதுதான் எடுத்துப் பார்த்தேன். மணி நாலே கால். அப்போது எல்லாம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவளுக்குப் பதினேழு வயது. என் கையில் நெல்லை டிக்கெட்டுகள் இருந்தன. பயணிகள் மிச்சச் சில்லறை கேட்டார்கள், கொடுத்தேன்.

இந்த நாவல் பொய் அல்ல. என் பக்கங்கள் மட்டும் பொய்.

நவம்பர் 16

சுரண்டை மதுரவேணிக்குப் போன் செய்தேன். "கற்பனை இல்லம்மா. என் மகள்தான்" என்றேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். மகனுடைய காகிதங்களை எல்லாம் வைத்திருக்கிறாராம். நயினார் முகவரியைக் கொடுத்தேன்.

நவம்பர் 25

நோட்டீஸுக்குப் பதில் போய்விட்டது. மன்னிப்பு இல்லை. திரும்பப் பெறுவது இல்லை.

டிசம்பர் 8

நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்று இருபத்தொன்று வரை திரும்ப எழுதுகிறோம். டூட்டி இல்லாத நாட்களில் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஆவுடை சொல்கிறாள், நான் எழுதுகிறேன். நான் அழகு சேர்த்தால் நிறுத்தச் சொல்கிறாள்.

"'அவள் விழிகள் வானத்தைத் தேடின' — இது எங்கேருந்து வந்திச்சி? அங்க வானம் ஏது? மேல ஃபேனு. அது ஓடல. அதை எழுதுங்க."

எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல வரி இதுதான்: 'மேலே மின்விசிறி. அது ஓடவில்லை.'

ஜனவரி 19

புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர் அரங்கில் எனக்குப் பாதி மேஜை கிடைத்திருக்கிறது. இரண்டாம் பதிப்புக்கு இப்போது நேரமில்லை. மற்றவை பழக்கடை ஓரத்து ஸ்டூலிலேயே விற்றுத் தீர்ந்துவிட்டன, எடைக்கடையிலிருந்து மீட்ட பிரதிகளையே கொண்டுபோகிறோம். புதிய பத்துப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் சொருகியிருக்கிறோம். மேலே கொட்டை எழுத்தில்: பிழை திருத்தம். முதல் பக்கத்தில் கற்பனை என்ற வரியைப் பேனாவால் அடித்து, கீழே 'மதிவதனிக்கு' என்று ஆவுடை எழுதினாள். இருநூறுக்கு ஒன்று குறைவாக, அத்தனையிலும் அவளேதான் எழுதினாள். மூன்று நாள் ஆயிற்று. கை வலித்தாலும் என்னிடம் பேனாவைத் தரவில்லை.

"ஆஸ்பத்திரி பேரை மட்டும் போட்டுராதீய" என்று நயினார் சொல்லியிருக்கிறார். தேவையில்லை. அதை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஜனவரி 31

திருவிழா முதல் நாள். மேஜையின் மறுபாதியில் கவிதை எழுதுகிற வங்கி அதிகாரி. பெரிய பதிப்பகங்களின் அரங்குகளில் கூட்டம் முண்டியடிக்கிறது, எங்கள் வரிசைக்குக் கழிப்பறைக்கு வழி கேட்கத்தான் வருகிறார்கள். நான் கூவ ஆரம்பித்தேன். அமைப்பாளர் ஓடிவந்து கூவக் கூடாது என்றார். அப்போதிலிருந்து ஆவுடை நாற்காலியை விட்டு எழுந்து மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டாள். வருகிறவர்களிடம் புத்தகத்தை நீட்டி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்கிறாள்: "இது எம் மவ கதை, அவ அப்பா எழுதினது."

நாற்பத்தொன்று போயிற்று.

பிப்ரவரி 4

மதியம், கூட்டம் குறைந்த நேரம். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, இரண்டு முறை எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். ஆவுடை புத்தகத்தை நீட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எஸ்தர்தான?"

"ஆமாக்கா." அந்தப் பெண் துப்பட்டாவை இறக்கினாள். "அன்னைக்கு நான்தான் நர்ஸ் டூட்டில இருந்தேன். பதினோரு மணிலேருந்து நாலு தடவை டாக்டருக்குப் போன் போட்டேன். வரலக்கா. மறுநாள் கேஸ் ஷீட்டைப் புதுசா எழுதச் சொன்னாங்க. எழுதினேன். இப்ப அங்க வேலை பாக்கல. எங்க வேணா வந்து சொல்லுதேன்."

நான் பரபரத்துப் போனேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நயினாருக்குப் போன் செய்யப் போனேன். ஆவுடை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு பிரதியை எடுத்து, சொருகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, எஸ்தரிடம் கொடுத்தாள்.

"மொதல்ல இதைப் படி. ஒன்னையும் எழுதியிருக்கோம், நல்ல விதமா இல்ல. படிச்சப்புறமும் சொல்லணும்னு தோணிச்சின்னா வா. இங்க பத்தாம் தேதி வரைக்கும் நிப்போம்."

எஸ்தர் பர்ஸைத் திறந்தாள். இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். ஆவுடை விலையைச் சொன்னாள். எஸ்தர் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 6

வரவில்லை. பன்னிரண்டு பிரதி.

பிப்ரவரி 8

வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் மேஜையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஆவுடை அவரைக் கூப்பிட்டு, "நல்லாத் தெரியுத மாரி எடுங்க" என்று சொல்லி அட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

பிப்ரவரி 9

ஒன்பது பிரதிதான் மிச்சம். நல்லதம்பிக்குப் போன் போட்டு இரண்டாம் பதிப்பு என்றேன். எத்தனை என்றார். ஆயிரம் என்றேன். "கட்டில் அடியில எடம் இருக்கா அண்ணாச்சி?" என்றார்.

பிப்ரவரி 10

எஸ்தர் வந்தாள். தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆறு பக்கம். ஆவுடை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். படித்துவிட்டுத் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.